ரெஸ்லிங்கும் சினிமாவும்: உச்சம், சறுக்கல், விடைபெறுதல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒலிம்பிக் மல்யுத்தத்தில் வெற்றி தோல்வி நிஜம். டபிள்யூ.டபிள்யூ.இ. போன்ற தொழில்முறை ரெஸ்லிங்கில் யார் ஜெயிப்பது என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறார்கள். சினிமாவில் எல்லாமே எழுதி வைத்தது. இந்த மூன்று இடங்களிலும் ஆட்கள் எப்படி மேலே வருகிறார்கள், எங்கே சறுக்குகிறார்கள், எப்படிக் கிளம்புகிறார்கள் என்று நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. பதில்களில் என் சாய்வு தெரியும். விடைபெறும் மேட்ச்கள் மீது எனக்குக் கொஞ்சம் பைத்தியம் உண்டு.

முடிவை முன்பே எழுதிவிட்டால், ஒரு ரெஸ்லருக்கு 'உச்சம்' என்று எதைச் சொல்வது?

பலரும் சாம்பியன் பெல்ட்டைச் சொல்வார்கள். பெல்ட் என்பது நிறுவனம் போடும் கணக்கு: இந்த ஆளின் முகத்தைப் போஸ்டரில் போட்டால் டிக்கெட் விற்கும் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கை கிடைப்பது பெரிய விஷயம்தான். ஆனால் ரசிகர்கள் வருடக்கணக்கில் நினைவில் வைத்திருப்பது பெரும்பாலும் ஒரு கணத்தை. 1987 மார்ச் 29, டபிள்யூ.டபிள்யூ.இ.யின் ஆண்டுப் பெருவிழாவான ரெஸில்மேனியாவின் மூன்றாவது பதிப்பு. ஹல்க் ஹோகன், ஆந்த்ரே த ஜயண்டைத் தூக்கிக் கீழே போட்டார். அன்று அரங்கில் 93,173 பேர் இருந்ததாக நிறுவனம் அறிவித்தது. அந்த எண்ணிக்கை பற்றி இன்றும் சண்டை நடக்கிறது. அந்த ஒரு தூக்கு பற்றி யாருக்கும் சந்தேகமில்லை. ஒன்றைக் கவனியுங்கள்: ஆந்த்ரே ஒத்துழைக்காமல் அவரைத் தூக்கியிருக்கவே முடியாது. ஹோகனின் உச்சத்தை ஹோகனுக்குக் கொடுத்தவர் ஆந்த்ரே.

கூட்டமே உச்சத்தைப் பிடுங்கிக் கொடுத்த கதையும் உண்டு. 2014 ஜனவரியில் ராயல் ரம்பிளை (பலர் ஒரே ரிங்கில் மோதுவது; ஜெயிப்பவருக்கு ரெஸில்மேனியாவில் சாம்பியன் பட்டத்துக்கு ஆடும் வாய்ப்பு) ஜெயித்தவர் பாட்டிஸ்டா. அரங்கம் முழுக்கக் கூச்சல் போட்டு அவரை விரட்டாத குறை. அவர்களுக்கு வேண்டியது டேனியல் பிரையன். குள்ளமான, தாடிக்கார, போஸ்டருக்கு ஏற்ற உடம்பு இல்லாத ஆள். நிறுவனம் வேறு வழியில்லாமல் திட்டத்தை மாற்றியது. ஏப்ரலில் நடந்த முப்பதாவது ரெஸில்மேனியாவில் பிரையன் முதலில் ட்ரிபிள் ஹெச்சை வென்று, அதே இரவில் ராண்டி ஆர்ட்டன், பாட்டிஸ்டா இருவரையும் தாண்டி சாம்பியன் ஆனார். எழுதி வைத்த ஆட்டத்தில் கூட்டம் பேனாவைப் பிடுங்கிய அபூர்வமான ராத்திரி அது.

அடிபடுவதும் நடிப்புதானா?

முடிவு எழுதப்பட்டது, விழுவது எழுதப்பட்டதல்ல. ரிங் என்பது இரும்புச் சட்டத்தின் மேல் மரப்பலகை, அதன்மேல் மெல்லிய நுரை, அதற்கு மேல் கேன்வாஸ். அதில் முதுகை அடித்து விழுவதுதான் இவர்களின் அன்றாட வேலை. 1997 ஆகஸ்டில் ஸ்டோன் கோல்ட் ஸ்டீவ் ஆஸ்டினைத் தலைகீழாகப் பிடித்து இறக்கும்போது ஓவன் ஹார்ட்டின் கணக்கு ஒரு நொடி தப்பியது. ஆஸ்டினின் கழுத்து போனது. கை கால் ஒரு நிமிடம் அசையவில்லை. அந்த நிலையிலும் ஊர்ந்து போய், எழுதி வைத்தபடி மேட்சை ஜெயித்தார். அதற்கப்புறம்தான் அவர் உலகமறிந்த நட்சத்திரம் ஆனார் என்பது வேடிக்கை. ஆனால் அந்தக் கழுத்து அவரை ஆறே வருடத்தில் வீட்டுக்கு அனுப்பியது.

கர்ட் ஆங்கிளின் கதை இன்னும் விசித்திரம். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் முறிந்த கழுத்தோடு தங்கம் வென்றவர் அவர். நிஜ மல்யுத்தத்தில் கழுத்தை முறித்துக்கொண்டு, 'பொய்' என்று சொல்லப்படும் மல்யுத்தத்துக்கு வந்து, அங்கேயும் கழுத்தைப் பலமுறை கெடுத்துக்கொண்டார்.

கிளம்பும் வீரர் ஏன் தோற்றுவிட்டுப் போகிறார்?

இந்தக் கேள்விதான் எனக்குப் பிடித்தது. ரெஸ்லிங்கில் எழுதப்படாத ஒரு வழக்கம் உண்டு: கிளம்பும்போது மல்லாந்து கிடந்துவிட்டுக் கிளம்பு. நீ சேர்த்து வைத்த பேரும் புகழும் உன்னோடு வீட்டுக்கு வந்து எந்தப் பயனும் இல்லை. இருக்கப்போகிறவனுக்கு அதைக் கொடுத்துவிட்டுப் போ. உன்னைத் தோற்கடித்தவன் என்ற பெயர் அவனுக்குச் சில வருடம் சோறு போடும்.

2008 மார்ச் 30. ரிக் ஃப்ளேருக்கு 59 வயது. அடுத்த தோல்வியோடு ஓய்வு என்று கதை கட்டி, மாதக்கணக்கில் இழுத்து வந்திருந்தார்கள். எதிரே ஷான் மைக்கேல்ஸ், ஃப்ளேரைப் பார்த்து வளர்ந்தவர். கடைசி உதைக்கு முன்னால் மைக்கேல்ஸ் நின்றார். மன்னித்துவிடு, உன்னை நேசிக்கிறேன் என்று உதட்டசைவிலேயே சொன்னார். பிறகு உதைத்தார். ஃப்ளேர் கண்ணீரோடு அந்த உதையை வாங்கி விழுந்தார். கதை தெரியாமல் பார்த்தாலும் அந்த அரை நிமிடம் தொண்டையை அடைக்கும்.

இரண்டே வருடத்தில் அதே மைக்கேல்ஸ் தன் தொழிலைப் பணயம் வைத்து அண்டர்டேக்கரிடம் தோற்று ஓய்வு பெற்றார். 2025 ஜூலையில் கோல்ட்பர்க் அட்லாண்டாவில் குந்தரிடம் தோற்றுக் கிளம்பினார். அதே ஆண்டு டிசம்பர் 13 அன்று வாஷிங்டனில் ஜான் சீனாவும் அதே குந்தரிடம்.

விதிவிலக்கும் உண்டு. 2024 மார்ச்சில் ஸ்டிங், 65 வயதை நெருங்கும் நேரத்தில், ஏ.இ.டபிள்யூ. நிறுவனத்தில் ஜோடி சாம்பியனாக, தன் மகன்கள் முன்னால் ஜெயித்து விடைபெற்றார். ஜப்பானின் அன்டோனியோ இனோகியும் 1998 ஏப்ரல் 4 அன்று டோக்கியோ டோமில் ஜெயித்தே கிளம்பினார். பழைய எதிரி முகமது அலி அன்று நேரில் வந்திருந்தார். ஓய்வு பெறும் வீரருக்குப் பத்து முறை மணி அடித்து மரியாதை செய்வது ஜப்பானிய வழக்கம். அரங்கம் மொத்தமும் மூச்சு விடாமல் நிற்கும்.

ஜான் சீனாவின் கடைசி வருடம் ஏன் இவ்வளவு பேசப்பட்டது?

அவர் அதை ஒரு வருடத் திட்டமாக நடத்தியதால். 2024 ஜூலையில் டொரொன்டோவில் திடீரென வந்து, 2025தான் எனக்குக் கடைசி வருடம் என்று அறிவித்தார். 2025 மார்ச்சில் அதே டொரொன்டோவில், இருபது வருடத்துக்கும் மேலாக நல்லவனாகவே இருந்தவர், வில்லனாக மாறினார். ரெஸ்லிங் மொழியில் 'ஹீல்'. ஏப்ரலில் கோடி ரோட்ஸை வென்று 17ஆவது முறையாக உலக சாம்பியன் ஆனார். ஃப்ளேருக்கு நிறுவனம் கணக்கு வைத்திருந்த 16ஐத் தாண்டினார். ஆகஸ்டில் அதே கோடியிடம் பெல்ட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

அந்த வில்லன் அவதாரம் பாதியிலேயே வாடிப்போனது என்பது என் கருத்து. கூட்டம் அவரை வழியனுப்ப வந்திருந்தது. திட்டுவதற்கு மனசு வரவில்லை. ஆனால் கடைசி மேட்ச் எல்லாவற்றையும் சரிக்கட்டியது. ஒருபோதும் விட்டுக்கொடுக்காதே என்பதைச் சட்டையில் அச்சடித்து விற்றவர், குந்தரின் கழுத்துப்பிடியில் லேசாகச் சிரித்துவிட்டு, கையைத் தட்டி விட்டுக்கொடுத்தார். அரங்கம் கொந்தளித்தது. நிறுவனத்தைத் திட்டிக் கூச்சல் போட்டார்கள். அதுதான் நோக்கமும் என்று நினைக்கிறேன். தோற்பது வழக்கம், எப்படித் தோற்றார் என்பதில்தான் அவர் தன் முழக்கத்தையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

அண்டர்டேக்கரின் தொடர் வெற்றி முடிந்தது சரியா?

1991இல் தொடங்கி ரெஸில்மேனியாவில் மட்டும் 21 மேட்ச், 21 வெற்றி. 2014 ஏப்ரல் 6 அன்று பிராக் லெஸ்னர் அதை முடித்தார். அரங்கத் திரையில் 21-1 என்று வந்தபோது கேமரா காட்டிய முகங்கள் துக்க வீட்டு முகங்கள். அந்த மேட்சில் அண்டர்டேக்கருக்குத் தலையில் பலத்த அடி. அன்று நடந்தது தனக்கு நினைவில்லை என்று பிறகு சொன்னார். வளரும் இளைஞன் ஒருவனுக்குக் கொடுத்திருக்க வேண்டிய வெற்றியை, ஏற்கெனவே பெரிய ஆளாக இருந்த லெஸ்னருக்குக் கொடுத்தது வீண் என்பது ஒரு கட்சி. அவரைத் தோற்கடித்தால் நம்பும்படி இருக்கக்கூடிய ஒரே ஆள் லெஸ்னர்தான் என்பது இன்னொரு கட்சி. நான் முதல் கட்சி.

அதைவிடச் சிக்கல் அவருடைய விடைபெறுதல். 2017இல் ரோமன் ரெய்ன்ஸிடம் தோற்று, கையுறை, கோட், தொப்பி மூன்றையும் ரிங் நடுவில் கழற்றி வைத்துவிட்டுப் போனார். அதைவிட நல்ல முடிவு கிடையாது. அடுத்த வருடமே திரும்பி வந்தார். 2019இல் கோல்ட்பர்க்குடன் ஆடிய மேட்சைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. கடைசியில் 2020 நவம்பர் 22, அவர் அறிமுகமாகிச் சரியாக 30 வருடம் முடிந்த நாளில், அதிகாரபூர்வமாக விடைபெற்றார். பெருந்தொற்றுக் காலம், ரசிகர்கள் வீட்டிலிருந்து திரைகளில் தெரிந்தார்கள். இவ்வளவு பெரிய ஆள் போகும்போது அரங்கில் உயிருள்ள ஒரு கூட்டம் இல்லை.

பெண் வீரர்களுக்கு இப்படி விடைபெறுதல் கிடைத்ததா?

2006இல் இரண்டு மாத இடைவெளியில் நடந்த இரண்டைச் சொன்னால் போதும். செப்டம்பரில் ட்ரிஷ் ஸ்ட்ரேடஸ், சொந்த ஊரான டொரொன்டோவில், தன் நீண்டநாள் எதிரி லிடாவை வென்று, ஏழாவது முறை பெண்கள் சாம்பியனாகி, ஊரே எழுந்து நிற்க ஓய்வு பெற்றார். நவம்பரில் அதே லிடா, மிக்கி ஜேம்ஸிடம் தோற்றார். அது வழக்கம்தான். ஆனால் அதற்குப் பிறகு இருவரை அனுப்பி, அவருடைய உடைமைகள் என்று சொல்லி ஆபாசமாகக் கூவி விற்க வைத்தார்கள். ஒரே தலைமுறை, ஒரே அளவு உழைப்பு. ஒருவருக்கு மாலை, ஒருவருக்கு ஏளனம். பேனா யார் கையில் இருக்கிறது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

ஓய்வு அறிவித்தவர்கள் ஏன் திரும்பத் திரும்ப வருகிறார்கள்?

சிலருக்குப் பணம். சிலருக்கு அந்தச் சத்தம். டெர்ரி ஃபங்க் 1983இல் ஜப்பானில் கண்ணீரோடு ஓய்வு பெற்றார். அடுத்த வருடமே திரும்பினார். அதன்பின் எத்தனை முறை ஓய்வு பெற்றார் என்பதை ரசிகர்கள் சிரித்துக்கொண்டே எண்ணுவார்கள். அவ்வளவு அழகாக அனுப்பி வைக்கப்பட்ட ஃப்ளேர், அடுத்த வருடமே வேறு மேடைகளில் ஏறி, 2022இல் 73 வயதில் இன்னொரு 'கடைசி' மேட்ச் ஆடினார். மைக்கேல்ஸ் மட்டும் எட்டு வருடம் வாக்கைக் காப்பாற்றினார், 2018இல் சவூதியில் ஒரே ஒரு மேட்சுக்காக அதையும் உடைத்தார். உடைத்திருக்க வேண்டாம்.

மருத்துவர்கள் அனுப்பியவர்களின் கதை வேறு. எட்ஜ் 2011 ஏப்ரலில் சாம்பியனாக இருக்கும்போதே, கழுத்தில் தண்டுவடப் பாதை குறுகியிருப்பதாகத் தெரிந்து, இன்னொரு முறை தவறி விழுந்தால் நடக்கவே முடியாமல் போகலாம் என்ற நிலையில் ஓய்வு பெற்றார். ஒன்பது வருடம் கழித்து, 2020 ராயல் ரம்பிளில் அவருடைய நுழைவுப் பாட்டு ஒலித்தபோது அவர் கண்களைப் பாருங்கள். அதை நடிக்க முடியாது. டேனியல் பிரையன் 2016இல் மூளை அதிர்ச்சிகளால் ஓய்வு பெற்று, பல மருத்துவர்களிடம் சோதனை செய்து, 2018இல் அனுமதி வாங்கித் திரும்பினார். ஆஸ்டின் 2003க்குப் பிறகு 2022இல், 19 வருடம் கழித்து, டெக்சஸில் ஒரு மேட்ச் ஆடிவிட்டு பியர் குடித்துவிட்டுப் போனார். இவர்கள் மூவரையும் நான் குறை சொல்ல மாட்டேன்.

ஒலிம்பிக் வீரர்கள் ஷூவைக் கழற்றி வைப்பது எதற்கு?

நிஜ மல்யுத்தத்தில் விடைபெறும் சடங்கு அது. கடைசி ஆட்டம் முடிந்ததும் பாயின் நடுவில் உட்கார்ந்து, ஷூவை அவிழ்த்து, அங்கேயே வைத்துவிட்டு வெறுங்காலோடு வெளியேறுவார்கள். 2000 சிட்னியில், 13 வருடம் தோற்காத ரஷ்யாவின் கரேலினை வீழ்த்திய அமெரிக்கர் ரூலன் கார்ட்னர், 2004 ஏதென்ஸில் வெண்கலம் வென்றபின் இப்படித்தான் ஷூவை விட்டுப் போனார். 2024 பாரிஸில் கியூபாவின் மிகயீன் லோபெஸ், 42 வயதை நெருங்கும்போது, ஒரே பிரிவில் ஐந்தாவது தொடர் தங்கத்தை வென்றுவிட்டு ஷூவைக் கழற்றினார். தனிநபர் போட்டி ஒன்றில் ஐந்து தங்கம் அவருக்கு முன் யாருக்கும் கிடையாது.

இந்திய வீராங்கனைகளுக்கு அந்த ஷூ வேறு அர்த்தம் தந்தது. ரியோவில் வெண்கலம் வென்ற சாக்‌ஷி மாலிக், 2023 டிசம்பரில் இந்திய மல்யுத்தக் கூட்டமைப்புத் தேர்தல் முடிவை எதிர்த்து, செய்தியாளர்கள் முன் மேசையில் ஷூவை வைத்துவிட்டு எழுந்து போனார். பாய் கூட இல்லை, மேசை. வினேஷ் போகட் 2024 பாரிஸில் முதல் சுற்றிலேயே, சர்வதேச ஆட்டங்களில் அதுவரை தோற்றிராத ஜப்பானின் யுய் சுசாகியை வென்று, ஒரே நாளில் இறுதிக்குப் போனார். மறுநாள் காலை எடை 100 கிராம் கூடுதல். தகுதி நீக்கம். அதற்கடுத்த நாள், மல்யுத்தம் ஜெயித்துவிட்டது, நான் தோற்றுவிட்டேன் என்று எழுதி ஓய்வை அறிவித்தார். அதே ஆண்டு ஹரியானாவில் சட்டமன்ற உறுப்பினர் ஆனார். 2025 டிசம்பரில், லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கை மனதில் வைத்து, ஓய்வைத் திரும்பப் பெற்றார். இந்தத் திரும்பலை யாரும் பணத்தாசை என்று சொல்ல முடியாது.

ரிங்கிலிருந்து திரைக்குப் போய் ஜெயித்தவர்கள் யார்?

முதலில் நம்ம தாரா சிங். 1968இல் மும்பையில் அமெரிக்க வீரர் லூ தெஸ்ஸை வென்றவர், படங்களில் நாயகன், 1983இல் டெல்லியில் ரிங்குக்கு விடை கொடுத்தார். பிறகு அறுபது வயதை நெருங்கும்போது தொலைக்காட்சி 'ராமாயண'த்தில் அனுமனாக வந்தார். ஒரு தலைமுறைக்கு அவர் மல்யுத்த வீரர் என்பதே மறந்துபோய், அனுமன் என்றால் அவர் முகம் என்றானது.

த ராக் எனப்படும் டுவெய்ன் ஜான்சன் கதை எல்லோருக்கும் தெரியும், சுருக்கமாகச் சொல்கிறேன். கனடாவில் அமெரிக்க ஃபுட்பால் போன்ற கனடிய ஃபுட்பால் ஆடும் அணி கழற்றிவிட்டபோது பையில் ஏழு டாலர் இருந்ததாகச் சொல்வார். 2002இல் முதன்முறை நாயகனாக நடித்த 'ஸ்கார்ப்பியன் கிங்' படத்துக்கு 55 லட்சம் டாலர் சம்பளம்.

எனக்கு அதிகம் பிடித்தது பாட்டிஸ்டா. 2010இல் ரெஸ்லிங்கை விட்டு வந்தபின் வாய்ப்பில்லாமல் கையில் காசே இல்லாத நிலைக்குப் போனதாக அவரே சொல்லியிருக்கிறார். 2014இல் கூட்டம் அவரை விரட்டிய அதே வருடம், 'கார்டியன்ஸ் ஆஃப் த கேலக்ஸி' வந்து அவர் வாழ்க்கையை மாற்றியது. அதற்குப் பிறகு அவர் நாயகன் வேடத்தைத் துரத்தவில்லை. 'பிளேடு ரன்னர் 2049' படத்தின் தொடக்கத்தில் ஒரு சின்னக் கண்ணாடியை மூக்கில் மாட்டிக்கொண்டு சில நிமிடமே வருவார். அந்த உடம்பு இவ்வளவு சோர்வாக உட்கார முடியுமா என்று தோன்றும். 2019இல் ரெஸில்மேனியாவுக்குத் திரும்பி, ட்ரிபிள் ஹெச்சிடம் தோற்று, கணக்கை முடித்துக்கொண்டார்.

ஜான் சீனா முதலில் அதிரடிப் படத்தில் விறைப்பாக நின்று தடுமாறினார். 2015இல் தன்னையே கேலி செய்துகொள்ளும் நகைச்சுவை வேடம் வந்தபின்தான் வழி திறந்தது.

ஹோகன் மட்டும் ஏன் சினிமாவில் எடுபடவில்லை?

1982இல் 'ராக்கி 3' படத்தில் வந்தது நன்றாகவே இருந்தது. பிறகு எல்லாப் படத்திலும் ஹோகனாகவே வந்தார். இருபதாயிரம் பேர் கொண்ட அரங்கின் கடைசி வரிசைக்குத் தெரியும்படி முகத்தை விரிப்பது ரிங்கின் பாடம். கேமரா முகத்துக்கு ஓரடியில் இருக்கும்போது அதே விரிப்பு கோமாளித்தனமாகிவிடும். ஜெயித்தவர்கள் அதைக் குறைக்கக் கற்றுக்கொண்டவர்கள். மற்றபடி, ஒரே டேக்கில் தவறாமல் செய்வது, கூட்டத்தின் மூச்சைக் கேட்டு நேரம் பார்ப்பது, வலித்தாலும் அடுத்த நாள் வந்து நிற்பது எல்லாம் ரிங் கொடுத்த சொத்து.

நடிகர் ரிங்குக்குள் போனால்?

2000 ஏப்ரலில் ஒரு படத்தின் விளம்பரத்துக்காக நடிகர் டேவிட் ஆர்க்வெட்டை டபிள்யூ.சி.டபிள்யூ. நிறுவனம் உலக சாம்பியன் ஆக்கியது. வேண்டாம் என்று அவரே சொல்லிப் பார்த்தார். ரசிகர்கள் மன்னிக்கவில்லை, அந்த நிறுவனம் விழுந்ததற்கே அவரைக் காரணமாகச் சொன்னார்கள். அந்தச் சம்பளத்தை இறந்துபோன, முடங்கிப்போன வீரர்களின் குடும்பங்களுக்குக் கொடுத்துவிட்டார் என்பது பலருக்குத் தெரியாது. 2018இல், 47 வயதில், பரிகாரம் போல முறையாகப் பயிற்சி எடுத்து சின்னச் சின்ன அரங்குகளில் ஆடினார். கண்ணாடிக் குழல் விளக்குகளால் அடித்துக்கொள்ளும் ஒரு மேட்சில் கழுத்தில் வெட்டு விழுந்து உயிருக்கே ஆபத்தானது. இப்போது யாரும் அவரைக் கிண்டல் செய்வதில்லை.

ஓய்வே பொய்யாக இருந்தது உண்டா?

உண்டு, இரண்டு பக்கமும். 2013 ஜூனில் ரெஸ்லர் மார்க் ஹென்றி இளஞ்சிவப்பு கோட் அணிந்து வந்து, அழுதபடி ஓய்வுரை ஆற்றினார். கூட்டமும் அழுதது. கட்டிப்பிடிக்க வந்த சீனாவை அப்படியே தூக்கி அடித்தார். தொழிலில் பார்த்த சிறந்த நடிப்பு அதுதான் என்பேன். சினிமாவில் ஹுவாக்கீன் ஃபீனிக்ஸ் 2008இல் நடிப்பை விட்டுவிட்டதாக அறிவித்து, தாடி வளர்த்து, ராப் பாடகன் ஆகப்போவதாகச் சுற்றினார். 2010இல்தான் அது ஒரு படத்துக்காகச் செய்த நாடகம் என்று இயக்குநர் ஒப்புக்கொண்டார். வேடத்தை வெளியிலும் கலைக்காமல் இருப்பதை ரெஸ்லிங்காரர்கள் 'கேஃபேப்' என்பார்கள். ஃபீனிக்ஸ் இரண்டு வருடம் கேஃபேப் காத்தார்.

நடிகர்களுக்கு ஏன் கடைசிக் காட்சி என்று ஒன்று அமைவதில்லை?

படம் எடுக்கும்போது அதுதான் கடைசி என்று பெரும்பாலும் அவர்களுக்கே தெரியாது. இரண்டு ஆஸ்கர் வென்ற ஜீன் ஹேக்மேனின் கடைசிப் படம் 2004இல் வந்த ஒரு சாதாரண அரசியல் நகைச்சுவை. அதற்குப் பிறகு 2025இல் 95 வயதில் இறக்கும்வரை நடிக்கவில்லை. ஷான் கானரி 2003இல் ஒரு கசப்பான படப்பிடிப்புக்குப் பிறகு கேமரா முன் வருவதை நிறுத்தினார். ஜாக் நிக்கல்சன் 2010க்குப் பிறகு எந்தப் படத்திலும் இல்லை, அறிவிப்பும் இல்லை. கிரெட்டா கார்போ 36 வயதில் நிறுத்தி, 1990 வரை வாழ்ந்தார். அரை நூற்றாண்டு மௌனம். மல்லாந்து கிடந்து அடுத்தவனுக்குப் பேர் கொடுத்துவிட்டுப் போகும் வழக்கம் இங்கே கிடையாது. யாரும் மணி அடிப்பதில்லை. ரசிகன் சில வருடம் கழித்துத்தான், அட, அதுதான் கடைசிப் படமா என்று உணர்கிறான்.

அறிவித்துவிட்டுப் போனவர்களும் உண்டு. சிறந்த நடிகருக்கான ஆஸ்கரை மூன்று முறை வென்ற ஒரே ஆண் டேனியல் டே லூயிஸ், 2017இல் ஓய்வை அறிவித்தார். 2025இல் மகன் இயக்கிய படத்துக்காகத் திரும்பினார். மகன் கூப்பிட்டால் யார்தான் போக மாட்டார்கள்? மைக்கேல் கேன் 2023இல் 90 வயதில் போதும் என்றார்.

உடம்பு முடிவு செய்யும்போது?

புரூஸ் வில்லிஸின் குடும்பம் 2022 மார்ச்சில், பேச்சும் புரிதலும் பாதிக்கப்படும் நோயால் அவர் விலகுவதாக அறிவித்தது. மறுவருடம் அது ஒருவகை டிமென்ஷியா என்று தெரிந்தது. வசனத்தை நறுக்கென்று சொல்வதில் பெயர் வாங்கியவருக்கு மொழியே போனது. சாட்விக் போஸ்மன் 2016இல் பெருங்குடல் புற்றுநோய் கண்டறியப்பட்டபின், கிட்டத்தட்ட யாருக்கும் சொல்லாமல், சூப்பர்ஹீரோ உட்பட வேடங்களைச் சிகிச்சைகளுக்கு நடுவில் முடித்தார். 2020 ஆகஸ்டில் இறந்தபோதுதான் உலகத்துக்கே தெரிந்தது. அவருடைய கடைசிப் படம் அதற்கப்புறம் வந்தது.

விழுந்து எழுந்த நடிகர்களில் யார்?

2023 ஆஸ்கர் மேடையில் இரண்டு பேர் ஒரே இரவில் நின்றார்கள். பிரெண்டன் ஃப்ரேசர், 'மம்மி' படங்களில் தன் சண்டைகளைத் தானே செய்து உடம்பைக் கெடுத்துக்கொண்டு, முதுகு, முழங்கால் என்று அறுவை சிகிச்சைகளில் வருடங்களைக் கழித்தவர். கீ ஹுய் குவான், குழந்தை நட்சத்திரமாகப் புகழ் பெற்று, பெரியவனானதும் வேடமே கிடைக்காமல், சண்டைக்காட்சி அமைப்பில் உதவியாளராகக் கேமராவுக்குப் பின்னால் போனவர்.

ஆனால் இந்தப் பட்டியலில் மிக்கி ரூர்க் தனி. 1991இல் நடிப்பை உதறிவிட்டு நிஜக் குத்துச்சண்டைக்குப் போனார். தோற்கவில்லை, ஆனால் முகம் போனது. பல வருடம் அவரை வைத்துப் படமெடுக்க ஆள் இல்லை. 2008இல் வந்த 'த ரெஸ்லர்' படத்தில் வயதான, உடைந்த ரெஸ்லராக நடித்தார். அந்த முகத்துக்கு ஒப்பனை தேவைப்படவில்லை. கோல்டன் குளோப் கிடைத்தது. ஆஸ்கர் ஷான் பென்னுக்குப் போனது. 2009 ரெஸில்மேனியாவில், முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ரூர்க்கை ரிங்குக்குள் அழைத்து வம்பிழுத்தார் கிறிஸ் ஜெரிகோ. ரூர்க் ஒரு குத்து விட்டார், ஜெரிகோ விழுந்தார்.

ஓய்வுக்குப் பிறகு வருமானம்?

ஹாலிவுட் நடிகர்களுக்குத் தொழிற்சங்கம் உண்டு; குறிப்பிட்ட அளவு சம்பாதித்தால் மருத்துவக் காப்பீடும் ஓய்வூதியமும் கிடைக்கும். டபிள்யூ.டபிள்யூ.இ. வீரர்கள் சட்டப்படி ஊழியர்களே இல்லை, தனி ஒப்பந்தக்காரர்கள். ரிங்கில் அடிபட்டால் சிகிச்சைச் செலவை நிறுவனம் ஏற்கும். சங்கம், ஓய்வூதியம் கிடையாது. எழுபது வயதிலும் ரிங் ஏறுகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன் இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

ரெஸ்லிங்கே பார்க்காதவர் எந்த விடைபெறுதலை முதலில் பார்க்கலாம்?

ஃப்ளேர், மைக்கேல்ஸ், 2008. கடைசி ஐந்து நிமிடம் போதும். அது பிடித்தால் 2010இல் மைக்கேல்ஸ் தோற்ற மேட்சை முழுசாகப் பாருங்கள்; முடிவில் அண்டர்டேக்கர் அடிக்கத் தயங்குவார், மைக்கேல்ஸ் அவரைக் கன்னத்தில் அறைவார். அப்புறம், நேரமிருந்தால், பாரிஸில் லோபெஸ். எதிராளி அவரோடு பயிற்சி எடுத்து வளர்ந்த பழைய கூட்டாளி, சிலிக்காக ஆடிய யஸ்மானி அக்கோஸ்டா. 6-0. அவ்வளவு பெரிய உடம்பு குனிந்து பாயை முத்தமிட்டு, ஷூவை ஒவ்வொன்றாகக் கழற்றி நடுவட்டத்தில் வைக்கும்.